மாஸ்டருக்கு மிஞ்சிய சொல்

"கண்டின்யூ" என்கிறார் மாஸ்டர், டீ டம்ளரை இடது கையால் லேசாகத் தூக்கிக் காட்டி. சர்க்கரை போதவில்லை. மனைவி அரைக் கரண்டி போட்டுக் கலக்கித் தருகிறாள். ஒரு வாய் குடிக்கிறார். "கண்டின்யூ..." இந்த முறை சொல் நீள்கிறது, தோள்களும் சேர்ந்து தளர்கின்றன. இப்போது சரி.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது மாஸ்டரின் தொழில். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லித்தந்தவர். நடுரோட்டில் வண்டி அணைந்துபோய், பின்னால் வரிசையாக ஹார்ன் அலற, கற்றுக்கொள்பவர் திணறும்போது அவர் சொல்வது அது ஒன்றுதான்: "கண்டின்யூ, கண்டின்யூ." போன வருடம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது கையும் வலது காலும் துவண்டன. பேச்சு அடியோடு போயிற்று. மருத்துவமனையில் கண் விழித்து, அழுது வீங்கிய முகத்தோடு நின்ற மனைவியைப் பார்த்து வாய் திறந்தார். வந்தது அந்தச் சொல். இன்றுவரை வேறொன்றும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். "சிலருக்கு இப்படித்தாம்மா, ஒரே ஒரு வார்த்தை தங்கிடும். மனசுல நினைக்கறது வேற, வாயில வர்றது அதுதான். சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் தங்கிடும். வீட்டு மனுஷங்க பாடு திண்டாட்டம்."

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்லவேளைம்மா! கிளட்சை மிதிக்காம கியர் போடறவங்களை இவரு திட்டற திட்டு ஒண்ணுமே தங்கலை. அந்த மட்டும் பொழைச்சோம்."

சொல் நல்லதுதான். ஆனால் ஊருக்கு அது புரிய வேண்டுமே. கிரெடிட் கார்டு விற்க யாராவது கூப்பிட்டு, மாஸ்டர் போனை எடுத்துவிட்டால் போச்சு. ஒருமுறை ஒருத்தி சலுகைகளை அடுக்க, இவர் "கண்டின்யூ" என்று வேண்டாம் சொல்ல, அவள் குஷியாகி அடுத்ததை எடுத்துவிட, மனைவி ஓடி வந்து போனைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "உங்க சார் மாதிரி பொறுமையா யாருமே கேட்டதில்லை மேடம்" என்றாளாம் அவள். நலம் விசாரிக்க வந்த சித்தப்பா கதை இன்னும் மோசம். அவர் கிளம்ப எழுந்தபோதெல்லாம் மாஸ்டர் மரியாதையாக "கண்டின்யூ" என்று விடை கொடுத்தார். அவரும் விட்ட இடத்திலிருந்து தன் இடுப்பு ஆபரேஷனை ஆரம்பித்தார்.

மனைவிக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. கடைசி எழுத்தைக் கடித்துத் துப்பினால் கோபம். "கண்" என்று இழுத்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தால் மூக்குக்கண்ணாடியைக் காணோம். கண்டின்யூவும் கண்ணாடியும் ஒரே எழுத்துகளில் தொடங்குவதைக் கவனித்த அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சிரிப்பு.

வாசலில் பயிற்சி கார் தூசி படிந்து நின்றது. பேச்சுப் பயிற்சிக்கு ஆட்டோ பிடித்து அவரை ஏற்றி இறக்குவதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. காரை விற்றுவிடலாம் என்று மனைவி ஒருவரை வரவழைத்தாள். அவர் பானெட்டைத் திறந்ததும் மாஸ்டர் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து வண்டி மேல் கை வைத்துக்கொண்டார். "கண்டின்யூ! கண்டின்யூ!"

வந்தவர் சந்தோஷமாக டயரைக் குனிந்து பார்த்தார்.

"அவர் பார்க்கச் சொல்லலைங்க, போகச் சொல்றாரு. மன்னிச்சுக்குங்க" என்று அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினாள் மனைவி. "சரி, விக்கலை. அப்ப யாரு ஓட்டறதாம்?"

மாஸ்டரின் இடது கை அவளை நோக்கி நீண்டது. "கண்டின்யூ."

"நானா? விளையாடறீங்களா!"

கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். ஊரார் மனைவிகளிடம் இருந்த பொறுமை சொந்த மனைவியிடம் இருக்கவில்லை. பாதி வழியில் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி நடந்தவள், அப்புறம் ஸ்டீரிங்கைத் தொட்டதே இல்லை. இப்போது வேறு வழியில்லாமல் பழகுநர் உரிமம் வாங்கினாள்.

பழைய கிடங்கு ஒன்றின் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சிமெண்ட் தரை. மாஸ்டரிடம் கற்றுக்கொண்ட ஒருவர் பேட்டரி மாற்றி, இருவரையும் வண்டியோடு அங்கே கொண்டுவந்து விட்டுப் போனார். பயிற்சி கார் ஆனதால் சொல்லித்தருபவர் பக்கமும் பிரேக் உண்டு. மாஸ்டர் தன் நல்ல காலை, இடது காலை, அதன் மேல் வைத்துக்கொண்டார். அவள் கிளட்சை விட்டாள். வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி குலுங்கி மறுபடி அணைந்தது.

"என்னால முடியாதுங்க. ஆட்டோவே போதும்."

"கண்டின்யூ" என்றார் மாஸ்டர்.

பழக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள், என்ன கேட்கிறார் என்று. தண்ணீரா? கண்ணாடியா? அவர் எதையும் கேட்கவில்லை. தொடரச் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குப் புத்தகத்தில் என்ன பொருளோ, அதுவேதான். மனதில் நினைத்தது அப்படியே வாயில் வந்துவிட்டதென்று அவருக்கும் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்து, தெளிவாக, ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "கண்டின்யூ." கண்ணில் நீர் வழிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளுக்கும் நீர் கண்ணை மறைத்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள்.

இந்த முறை வண்டி நகர்ந்தது. கிடங்குச் சுவரை ஒட்டிப் போய், தூண்களைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. அவள் நிறுத்தாமல் இரண்டாம் சுற்றுக்குத் திருப்பினாள். மாஸ்டர் பிரேக்கின் மேலிருந்த காலை எடுத்தார். அதைச் சீட்டின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டு, தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.