மெட்டில் வாங்கிய இரண்டு மூட்டை

சின்னச்சாமி அண்ணனின் இரண்டு மூட்டை ஏலக்காயை, அவர் சந்தைக்கு வந்து சேருமுன்னே வழியிலேயே மடக்கி வாங்கினேன். திருடவில்லை. பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஏமாற்றினேன். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து வருடம் இருக்கும்; எழுபதுகளின் கடைசி. அன்று காலை, நான் கடை வைத்திருக்கும் போடியில் ஏலக்காய் விலை திடீரென்று ஏறியது. வடக்கத்தி வியாபாரிகள் வந்திறங்கி, கிடைத்ததையெல்லாம் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. மலையில் இருப்பவர்களுக்குச் சேதி எட்டுவதற்குள் போய்விட வேண்டுமே! ஜீப்பு பிடித்துப் போடிமெட்டுக்கு ஏறினேன். டீக்கடை வாசலில், மூட்டைகளோடு பஸ்சுக்குக் காத்திருந்தார் அவர். துண்டுத் தோட்டக்காரர். அந்த வருடத்துக் காய் முழுவதும் அவ்வளவுதான்.

"என்ன பாய், மாப்பிள்ளை அழைக்க வந்தது கணக்கா ஜீப்புல வந்து எறங்குறீக?" என்று சிரித்தார். "கீழ என்ன வெல ஓடுது?"

"போன வார வெலைய அப்படியே தர்றேண்ணே. பஸ்சுக்கு நிக்கிற சோலி மிச்சம்."

கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை... கவனித்தீர்களா?

"காய் ஒணத்த சொந்தமா ஒரு ஸ்டோர் கட்டிரலாம்னு பாத்தேன். இது பத்தாது. சரி, அடுத்த வருசம் பாப்போம்" என்று அவரே மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிவிட்டார். அடுத்தவர் ஸ்டோரில் உலர்த்தி, கூலியாகக் காயிலேயே பங்கு கொடுத்துவந்தவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. பள்ளிவாசல் ஹஜ்ரத் வியாபாரம் பற்றிப் பயான் பேசினார். சரக்கு கொண்டுவருகிறவர்களை வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலை தெரிந்தபின், விரும்பினால் பேரத்தை முறித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் ஜீப்பை நபிகள் அந்தக் காலத்திலேயே பார்த்துவிட்டார்களா! தொழுகை வேறு, கடை வேறு என்றிருந்தேனே... தராசுக்கும் மார்க்கம் உண்டு, மலைப்பாதைக்கும் உண்டு!

மூட்டைகள் அப்போது என் கடையில்தான் இருந்தன, பிரிக்காமல். ஒரு நடை மேலே போய், விலை ஏறிவிட்டது, வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தால் போதும்.

நான் எங்கே ஓடினேன் தெரியுமா? கடை கடையாக. இனி ஒருவரும் மெட்டுக்குப் போய் வாங்கக் கூடாது என்று தொண்டை வற்றப் பேசினேன். முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். இந்து வியாபாரிகளும் நல்ல சட்டம் என்றார்கள். ஒருவர் மட்டும், "நேத்து உங்க ஜீப்பு மேல போச்சே பாய், காத்து வாங்கவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த உற்சாகம் பொய்யில்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு துள்ளுகிறது. ஆனால் அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டேனோ...? திங்கட்கிழமை அந்த மூட்டைகளைப் புது விலைக்கு விற்றேன்.

பிறகு வந்த வருடங்களில் அவர் காய்க்குச் சந்தை விலைக்கு மேல் போட்டுக் கொடுத்தேன். அவருடைய உரிமையை என் தாராளம் போலக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னார். ஸ்டோர் இன்னும் கட்டவில்லை.

போன வாரமும் வந்தார். பஸ்சை விட்டு இறங்கி, நேராக என் கடை.

"சந்தையில வெல விசாரிச்சீகளாண்ணே?"

"எதுக்கு? என்னையத் தேடி மலைக்கே வந்து வாங்குன மனுசன் நீங்க. நீங்க சொல்றதுதான் வெல."

காயைத் தராசில் கொட்டினேன். அன்றைக்கு மறைத்த விலையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்...

"எத்தன கிலோ பாய்?" என்றார்.

எடையை மட்டும் சொன்னேன்.