அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு

போடியில் மாரியம்மன் திருவிழா என்றால் ஊரே வாயும் கையுமாக இருக்கும். கோயிலைச் சுற்றிச் சேவுக்கடை, சீரணி மிட்டாய்க்கடை, மண்பொம்மைக்கடை. நடுவில் அன்னக்கொடியின் ஓலைப்பெட்டிக் கடை. வாயோரத்துச் சிவப்பு ஓலையை வைத்தே அவள் முடைந்த பெட்டியைச் சொல்லிவிடலாம். அவற்றில்தான் சனங்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனார்கள். அவள் வீட்டுக்கு ஒரு பெட்டியும் வராது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான்; பிள்ளை இல்லை. மிச்சம் ஒரே அண்ணன் வீரணன், மலைமேல் ஏலத்தோட்டத்தில்.

அவனும் வருவதில்லை. எழுபத்திரண்டாம் வருஷத் திருவிழாவுக்கு, நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் ஜீப்பு டிரைவரிடம் சொல்லியனுப்பிவிட்டாள். "ஆள் விட்டுச் சொன்னா வர்றதுக்கு நான் என்ன கூலியாளா?" என்று அதே ஜீப்பில் பதில் வந்தது. கூடப்பிறந்தவனுக்கு என்ன அழைப்பு என்று இவளும் முறுக்கிக்கொண்டாள். வீம்பில் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் திருவிழாவன்று தனக்கு மட்டும் உலை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது.

எண்பதாம் வருஷம் தாங்க முடியவில்லை. திருவிழாவன்று காலையில் கடையைச் சேவுக்கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, சின்னப் பெட்டியில் வெற்றிலை பாக்கை வைத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு ஜீப்பு ஏறினாள்.

அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது. அவர் வருஷா வருஷம் போடித் திருவிழாவுக்குப் போய்விடுவார் என்றாள் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள்.

"தங்கச்சி வீட்டுல கறிச்சோறு. வரும்போது அந்தம்மா பெட்டி நெறயப் பலகாரம் குடுத்துவிடும். எங்களுக்கும் தருவாரு."

வாசல் கூரை இறவாணத்தில் பெட்டிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் சிவப்பு ஓலை. யாரையோ விட்டு இவள் கடையிலேயே வாங்கியிருக்கிறான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா?

நீங்கள் யார் என்று சோலையம்மாள் கேட்டாள். தங்கச்சி என்று சொன்னால் அண்ணன் பொய்யனாகிவிடுவான்.

"அந்தத் தெருக்காரிதான் ஆத்தா. வேற சோலியா வந்தேன். நான் கெளம்பும்போது தங்கச்சி அவருக்குக் கறி ஆக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

சோலையம்மாள் உள்ளே போனதும், கொண்டுவந்த பெட்டியைக் கதவு நாதாங்கியில் மாட்டினாள். அடுத்த வருஷத்துக்கு இப்போதே அழைத்தாகிவிட்டது, அதுவும் நேரில். அவன் வரும்வரை இருந்தால் பொய் வெளுத்துவிடும்; ரோட்டுக்கு நடந்தாள்.

கீழே போகும் ஜீப்பு மத்தியானத்துக்கு மேல்தான் என்றார்கள். அந்நேரம் அண்ணன் போடியில் ஏதாவது ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.