கணினிக்குள் போன தோட்டத்துப் பாட்டுகள்

பழைய பாட்டைக் கணினிக்குள் போட்டு வைப்பது பெரிய வித்தையில்லை, போட்டதை இன்னொருவர் தேடி எடுக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. காப்பகம், நூலகம், அருங்காட்சியகம் என்று எங்காவது பட்டியல் போடும் வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், ‘இங்கேயும் அதே கதைதான்’ என்று தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவின் சிரம்பான் நகரில், தெமியாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் எனக்கு வேலை. எழுபதுகளில் ஒரு தமிழ் வாத்தியார் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களை எல்லாம் மோட்டார் சைக்கிளில் சுற்றி, பெண்கள் பாடிய பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். கூடவே படங்களும் எடுத்திருந்தார். அவர் காலமான பிறகு எல்லாம் எங்கள் சிறிய அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தேடிக் கேட்கும்படி செய்வது என் பொறுப்பு. கணினியைக் கவனித்துக்கொண்டவர் சகாயம், ரெம்பாவ் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதே இல்லை. ஆனாலும் கண்ணாடி போட்ட பெண்மணி என்பதால் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.

வேலை என்றால் பெரும்பாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பாட்டுக்குப் பின்னால் சேவல் கூவும், யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், ரப்பர் மரங்களுக்குள் காற்று புகுந்து புறப்படும். சில நாடாக்களில் மழையும் பதிவாகியிருந்தது. அந்த மழையைக் கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் புறப்பட்டு, தெருவில் காயும் வெயிலில் நான் அசட்டுத்தனமாக நின்ற நாட்கள் உண்டு. அந்த அறையில் வருஷங்கள் அப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. எனக்கு அது பிடித்திருந்தது.

பேராசிரியரின் டிஸ்கெட்

முதலில் வந்தவர் கோலாலம்பூரிலிருந்து ஒரு பேராசிரியர். கும்மிப் பாட்டுகளின் வரிகளை எல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். அதை ஒரு டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்தோம். காப்பி குடித்தார், எங்கள் இருவரையும் வாயார வாழ்த்தினார், டிஸ்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு ஆளுக்கு ஒன்று. நாங்கள் எழுதியதை எங்கள் கணினி மட்டுமே படிக்கும், அவர் எழுதியதை அவருடைய கணினி மட்டுமே படிக்கும். இது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மறுவாரம் போன் செய்தார். திரை முழுக்கக் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் டாலர் குறியுமாக வந்து நிற்கிறதாம். கோபப்படவில்லை, பாவம். நிஜமாகவே யோசித்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்மா, நெகிரி தோட்டத்துல நம்ம ஆளுங்க என்னா பாஷையில லா பாடியிருக்காங்க?”

நெற்றி வரைக்கும்

எங்கள் கணினியில் ஒரு படம் திறப்பதென்றால் பொறுமை வேண்டும். மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி வரும். முதலில் வானம், பிறகு மர உச்சிகள், பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரை. ஆட்கள் வருவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். எனக்கு அப்படிப் பார்ப்பதில் தனிச் சுகம். யார் யார் நிற்கப்போகிறார்கள் என்று தெரியாமல் அந்த வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் வந்தார். தோட்டத்து அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். இளவயதில் காற்பந்துக் குழுவோடு நின்று எடுத்த படம் எங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சலவைச் சட்டை போட்டு, பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தார், தன்னையே பார்க்க வருகிறோமே என்ற மரியாதையோடு. படம் இறங்கியது. வானம், மரம், கூரை. பின்வரிசையில் சுருட்டை முடி ஒன்று தெரிந்தது, நெற்றியும் தெரிந்தது, மின்சாரம் போய்விட்டது. அன்று முழுக்க வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எழுந்து, இருண்ட திரையைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுச் சொன்னார்:

“பரவால்ல டீச்சர், நெத்தி வரைக்கும் நான்தான்.”

மூங்கில் தோட்டம்

ஒவ்வொரு பாட்டும் எந்தத் தோட்டத்தில் பதிவானது என்று தேட ஒரு பகுதி வைத்திருந்தோம். வாசல் பலகையில் உள்ள ஆங்கிலப் பெயரைத்தான் அதில் போட்டிருந்தோம், அதுதான் முறை என்று சகாயமும் நானும் முடிவு செய்து. ஒரு நாள் லோரி ஓட்டுநர் ஒருவர் படியேறி வந்து, “மூங்கில் தோட்டத்துப் பாட்டு இருக்கா?” என்றார். தட்டிப் பார்த்தோம். இல்லை. அவர் நம்பவில்லை. தங்கள் வீட்டு வாசலில் வாத்தியார் உட்கார்ந்து பதிந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னார். ரெம்பாவ் போகும் பாதை, பாலம், அதற்கப்பால் மூங்கில் புதர் என்று அவர் வழி சொல்லச் சொல்லச் சகாயத்தின் முகம் மாறியது. அந்தத் தோட்டத்துப் பாட்டுகள் கேசட் கேசட்டாக எங்களிடம் இருந்தன, வேறொரு பெயரில்.

தோட்டத்து ஜனங்கள் எந்தத் தோட்டத்தையும் பலகைப் பெயரால் சொல்வதில்லை. மூங்கில் இருந்தால் மூங்கில் தோட்டம், செம்மண்ணாக இருந்தால் செம்மண் தோட்டம். அன்றைக்கே எல்லாத் தோட்டத்துக்கும் இரண்டாவது பெயர் சேர்க்க உட்கார்ந்துவிட்டோம். “பலகையில் இப்படித்தானே இருந்தது?” என்று சகாயம் முனகினார். ஓட்டுநர் கேட்டார்:

“போர்ட பாத்துட்டா தம்பி நாங்க வூட்டுக்குப் போறோம்?”

மரத்தடி விதி

கமலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஒப்பாரியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பாதி கேசட்டுகளில் பாடியவர் பெயர் மட்டும் இருக்கும், என்ன பாட்டு என்று இருக்காது. தாலாட்டும் ஒப்பாரியும் ஏறக்குறைய ஒரே ராகம். வாத்தியாரின் பழைய நாடாவில் சொற்களும் பாதி கரைந்து போயிருந்தன. ‘கண்ணே’, ‘ராசாத்தி’ என்று ஒன்றிரண்டு மட்டும் மேலே மிதந்து வரும். அது தூங்குகிற பிள்ளைக்கா, போய்விட்ட பிள்ளைக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்பாரி வேண்டும் என்று வருகிறவர் எல்லாக் கேசட்டையும் கேட்டாக வேண்டும். கமலா கேட்டாள், வாரக்கணக்கில்.

அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாவு விழாத வீட்டுக்குள் எந்தப் பெண்ணும் ஒப்பாரி பாட மாட்டாள், விளக்கு வைக்கிற வீட்டுக்கு ஆகாது. வாத்தியார் கெஞ்சிக் கேட்டிருப்பார், அவர்கள் அவரை லயத்துக்கு வெளியே கூட்டிப்போய் மரத்தடியில் உட்கார்ந்து பாடியிருப்பார்கள். ஆக, பின்னால் பாத்திரச் சத்தமும் குழாயடிச் சத்தமும் கேட்டால் தாலாட்டு. காற்றும் பறவையும் ரப்பர்க் கொட்டை வெடிக்கும் சத்தமும் கேட்டால் ஒப்பாரி. கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் பின்னால் இருந்த காட்டைக் கேட்டுக்கொண்டே நாங்கள் மூவரும் நாடாக்களைப் பிரித்தோம். அத்தனை அழகான நாட்கள் அந்த வேலையில் எனக்கு வேறு வாய்க்கவில்லை. ‘பாக்கியம், செல்விக்காக’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு கேசட்டைக் கமலா திரும்பத் திரும்பக் கேட்டாள். முழுக்கக் காற்று, நடுவில் அந்தக் குரல். தன் ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தையே அதன்மேல் கட்டினாள். பட்டியல் முடிந்ததும், ஒளித்தட்டில் பதிந்து மூன்று பிரதி எடுத்தோம். எங்களுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, கோலாலம்பூர் பேராசிரியருக்கு ஒன்று. கமலா தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:

“இனிமே யாரும் என்னைப் போல கஷ்டப்பட வேணாம்லா, அக்கா.”

செல்விக்காக

பாடியவரின் அனுமதி வேண்டும் என்று கமலா சொன்னாள். பாக்கியம் மூங்கில் தோட்டம்தான், லோரி ஓட்டுநரிடம் சொல்லியனுப்பினோம். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, இன்னமும் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர், மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வெட்கத்தோடு வந்தார். கமலாவும் வந்திருந்தாள். குரலைப் போட்டோம். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், “நானா இது? நானா இது?” என்று எங்கள் ஒவ்வொருவரையும் கேட்டார். பிறகு திரையைப் பார்த்தார். தோட்டத்துப் பள்ளியில் படித்தவர், எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒப்பாரி. பாக்கியம். செல்விக்காக. சிரிப்பு நின்றது.

“ஒப்பாரியா? எம்மவ இருக்காளே!” என்றார். அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சலாம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். ரப்பர்க் காட்டுக்கே தூக்கிப்போய், இரண்டு மரத்துக்கு நடுவில் தூளி கட்டி, ஒரு மரத்தை வெட்டுவது, ஓடிவந்து ஒரு ஆட்டு ஆட்டுவது, பாடுவது. அப்படிப் பாடியபோதுதான் வாத்தியார் வந்து பதிந்திருக்கிறார். எங்கள் விதிக்கு அந்தத் தூளி தெரியவில்லை. நான் தப்பு நடந்துவிட்டது, திருத்திவிடுகிறோம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்மவளுக்கு இதான் மாசம் டீச்சர். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அதுக்குள்ள அவ பேர அதுலேருந்து எடுத்துருங்க.”

அழியாத தட்டு

எங்கள் கணினியில் திருத்துவது ஒரு நிமிஷ வேலை. சகாயம் பாக்கியத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பார்க்கப் பார்க்க ‘ஒப்பாரி’யை எடுத்துவிட்டுத் ‘தாலாட்டு’ என்று தட்டினார். ஆனால் ஒளித்தட்டில் ஒரு தடவை பதிந்தால் பதிந்ததுதான், அழிக்க முடியாது. அதைச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, சொன்னேன். “அப்ப ஒடைச்சிருங்க” என்றார். எங்கள் பிரதியைச் சகாயம் அங்கேயே காலால் மிதித்து உடைத்தார். பேராசிரியருக்குப் போன் செய்தேன். “கவரையே இன்னும் பிரிக்கலம்மா” என்றார், அன்று மாலையே ரயிலில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

மிஞ்சியது கமலாவின் தட்டு. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆய்வை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருந்தது. அந்தப் பாட்டை எடுத்தால் மூன்றாம் அத்தியாயம் இல்லை, மரத்தடி விதியும் இல்லை. மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் ஆய்வே இல்லை. ராகம் ஒன்றுதானே, பெயரை மட்டும் மறைத்துவிடலாமே என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவளுக்காகவும் வருத்தமாக இருந்தது. பாக்கியத்தை பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், அவளும் போயிருந்தாள், தட்டோடு. மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும் முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தட்டை என் கையில் வைத்தாள்:

“லேட்டானா ஆவட்டும் அக்கா. உயிரோட இருக்கறவ பேர சாவு அத்தியாயத்துல வெச்சிட்டு எனக்குத் தூக்கமே வரல.”

இரண்டாவது அடி

செல்விக்குச் சிரம்பான் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது என்று ஓட்டுநர் வந்து சொன்னார். தாயும் பிள்ளையும் நலம். சகாயம் சிலுவை போட்டுக்கொண்டார், நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். அதற்குள் நாங்கள் கொஞ்சம் திருந்தியிருந்தோம். யாருக்காகப் பாடியது, என்ன செய்துகொண்டே பாடியது என்று பட்டியலில் இரண்டு புதிய பகுதிகள். பாடியவரையோ அவர் வீட்டாரையோ கேட்காமல் எந்தப் பாட்டுக்கும் ஜாதி பிரிப்பதில்லை. ஒப்பாரியைத் திறந்தால் ‘இது ஒப்பாரி, இப்போது கேட்கலாமா?’ என்று கணினியே முதலில் கேட்கும்படி சகாயம் செய்திருந்தார்.

சில வாரம் கழித்துப் பாக்கியம் மறுபடி வந்தார். தப்பு ஏதும் மிச்சமிருக்கிறதோ என்று நான் பயந்தேன். அவர் தயங்கித் தயங்கி, அந்தப் பாட்டில் முதல் அடிதான் ஞாபகம் வருகிறது, இரண்டாவது அடி மறந்துபோச்சு என்றார். வாத்தியாரின் நாடாவிலும் அந்த இடத்தில் காற்றுதான் பலமாக இருந்தது. ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி, மறுபடி என்று விரலால் சைகை காட்டினார். எங்களுக்கு எந்தக் காலத்திலும் பிடிபடாத அந்தச் சொற்கள் அவருக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உதடு அசைந்தது, வலது கை தானாகவே முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவெல்லாம் தூங்குவது போல எனக்குத் தோன்றியது. புறப்படும்போது, வருகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டை நீட்டினேன். பெயர் எழுதினார், ஊர் எழுதினார். ‘ஆராய்ச்சியின் நோக்கம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. என்ன எழுதலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்:

“பேத்தி தூங்கணும்னு போட்டுக்குங்க, டீச்சர்.”

எங்கள் மாடிப்படி ஏறி வந்த ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ பேர் இருக்க, தேடியது கிடைத்து, கிடைத்தது புரிந்து, புரிந்ததை அன்றைக்கே பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான்.