நானூற்றுப் பன்னிரண்டு டின் முறுக்கும் என் டேட்டாவும்

அன்று ஹாலில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, நான், டிவியோடு ஒயர் போட்டு இணைத்த என் லேப்டாப். இல்லாதவள், தங்காக் ஊரில் துணிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா. எங்கள் குடும்பத்தில் காலை பத்து மணியிலிருந்து இரவு வரை ஆட்களுக்குப் பொருள் விற்கிற ஒரே ஆள் அவள்தான். கூப்பிட வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. வியாபாரக் கூட்டத்தில் வியாபாரம் தெரிந்தவர் எதற்கு?

விஷயம் இதுதான். அம்மா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பதினோரு வருஷமாகச் சமைக்கிறார். நின்று நின்று முழங்கால் போய்விட்டது. தீபாவளிக்குத் தீபாவளி தெரிந்தவர்களுக்கு அறுபது டின் முறுக்கு சுட்டுக் கொடுப்பார். அது பெரிதாக நடந்தால் கேண்டீனை விட்டுவிடலாம் என்பது அவர் ஆசை. நடத்திக் காட்டுவது என் பொறுப்பு, ஏனென்றால் நான் படித்தவன். வீட்டில் முதல் பட்டம் வாங்கியவனிடம் வைஃபை முதல் முழங்கால் வரை எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

வேலை நாளில் யாருக்காகவோ புரோகிராம் எழுதுகிறவன், விடுமுறையில் அம்மாவுக்காக ஒன்று எழுதினேன். ஜனங்கள் இணையத்தில் எந்தத் தின்பண்டத்தைத் தேடுகிறார்கள், எதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள் என்று அது பொறுக்கிக்கொண்டு வரும். மூன்று வாரம் பொறுக்கியபின் உண்மை வெளிப்பட்டது: உப்பு முட்டை, அதாவது உப்பில் ஊறவைத்த வாத்து முட்டை. சிப்ஸில் உப்பு முட்டை, மீன் தோலில் உப்பு முட்டை. ஆகவே உப்பு முட்டை முறுக்கு.

அம்மா தயங்கினார். முட்டை போட்டால் படையலில் வைக்க முடியாதே என்றார். படையலை யாரும் இணையத்தில் தேடுவதில்லை என்று அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அடுத்து ஆர்டர் எடுக்க ஒரு பக்கம் செய்தேன். ஒரு தடவை அமுக்கினால் ஒரு டின். போன் நம்பர் கட்டாயமில்லை. படிவம் நீண்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று ஏதோ ஒரு வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். கடைசியில், ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத ஒரு கட்டம். ‘நம் அம்மாவின் கைப்பக்குவம், ஆதரவு தாருங்கள்’ என்று எழுதி, லிங்க்கை எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சாஆ என்ற ஊரில் இருக்கும் பெரியம்மாதான் அந்தக் குழுவுக்குத் தலைவி. நெருப்பு மாதிரி பரப்புவார்.

பத்தே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு. அதைக் காட்டத்தான் அந்தக் கூட்டம். காட்டுவதற்கு முன் டேட்டாவைச் சுத்தம் செய்தேன், அதுதான் முறை. ஜனங்கள் கட்டத்தில் எழுதியிருந்ததை வரைபடமாகப் போட முடியாது, எனவே அட்டவணையில் அந்தப் பத்தியை அப்படியே தூக்கிவிட்டேன். மீதியில் அருமையான கோடு வந்தது. தினமும் இரவு எட்டரைக்கு ஏறுகிறது, சாப்பிட்டபின் வரும் நொறுக்குத்தீனி ஆசை என்றேன். வெள்ளிக்கிழமை உச்சிக்குப் போகிறது, வார இறுதிச் செலவுக்கு மனம் தயாராகிறது என்றேன். எனக்கே புல்லரித்தது.

துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். “இதுல காசு கட்டினவங்க எத்தன பேருப்பா?”

“அது அடுத்த ஸ்டெப்புப்பா.”

அப்பா ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். அம்மா மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ கேண்டீன்ல லெட்டர் குடுத்திடவாடா?”

“குடுங்கம்மா.”

கொடுத்தார். கேண்டீனில் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். இரண்டு வாரம் அம்மாவும் நானும் மாவு பிசைந்தோம், பிழிந்தோம், நானூற்றுப் பன்னிரண்டு டின் அடைத்தோம். வீடு முழுக்க முட்டை வாசனை.

விநியோகம் செய்யப் போனபோதுதான் பார்த்தேன், போன் நம்பர் இருந்தது இருபத்தேழு பேருக்கு. எடுத்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சொந்தம். ஒன்பது பேரும் ‘என்ன டின்?’ என்று கேட்டார்கள். பெரியம்மாவுக்குப் போன் அடித்தேன்.

“ஜெயிச்சிட்டியாடா?” என்றார் எடுத்ததும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம் பிள்ளை ஒருவரிடமிருந்து லிங்க் வந்தால் முதலில் அமுக்க வேண்டும். எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை. போன வருஷம் சொந்தத்தில் ஒரு பெண் பாட்டுப் போட்டியில் நின்றபோது அப்படி அமுக்கித்தான் ஜெயிக்க வைத்தார்கள். நான் ஆதரவு கேட்டதும், பையன் ஏதோ கம்ப்யூட்டர் போட்டியில் நிற்கிறான் என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். சீரியல் முடிந்ததும், அதாவது எட்டரைக்கு, ஆளுக்குப் பத்து தடவை என்று உத்தரவு.

“வெள்ளிக்கிழம கோயிலுக்கு வந்தவங்க போனெல்லாம் வாங்கி நானே அமுக்கினேன்டா. வெரலு வீங்கிப் போச்சு.”

தூக்கியெறிந்த பத்தியை மீட்டுப் படித்தேன். ‘வெற்றி நமதே.’ ‘நம்ம பையன் ஜெயிக்கணும்.’ ‘விடாதே தம்பி.’ நூற்றுக்கு மேல் இப்படியே. ஒருவர் மட்டும் ‘ரிசல்ட் எப்போ?’ என்று கேட்டிருந்தார். எதைக் கோடு போட முடியவில்லையோ அதில்தான் எல்லாம் எழுதியிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. “தம்பி, எங்க கடைக்குள்ள வர்றவங்க எல்லாம் சேலை வாங்கவா வர்றாங்க? பாதிப் பேரு ஏர்கான் குளிருக்கு வர்றாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.”

அம்மாவின் பழைய வாடிக்கைக்காரர்கள் வழக்கம்போல் வந்தார்கள், படையலுக்கு. முட்டை என்றதும் வாசலிலேயே நின்றார்கள். அம்மாவின் முகத்துக்காகச் சிலர் ஒரு டின் எடுத்தார்கள். மீதியைக் கோயிலுக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை.

தீபாவளி கழிந்ததும் அம்மா திரும்பப் போய் வேலை கேட்டார். கேண்டீன் எடுத்து நடத்துகிறவர் நல்ல மனுஷன், உடனே சேர்த்துக்கொண்டார், புது ஆளாக. பதினோரு வருஷத்தில் ஏறிய சம்பளம் ஏறாததாகிவிட்டது. மாதம் முந்நூறு வெள்ளி குறைவு.

திட்டுவார் என்று காத்திருந்தேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, “எல்லாம் சேத்து எவ்ளோடா ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்.

கணக்கில் நான் புலியாயிற்றே. விற்றது போக மாவு, எண்ணெய், டின் வகையில் நஷ்டம் இரண்டாயிரத்து நானூறு. அம்மா ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம், மாதம் முந்நூறு வீதம் இருபத்தோராயிரத்து அறுநூறு. மொத்தம் இருபத்துநாலாயிரம் வெள்ளி.