செத்துப் பிழைத்த நாயகியும் நானும்

செண்டாயான் பக்கம் இன்னும் விற்கப்படாத செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் கிராணி. கணக்கெழுதுகிற ஆளுக்குப் பழைய கிரேக்க, ரோமானிய நாவல்கள் எதற்கு என்று மனைவி கேட்காத நாளில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கதைகள். காதலர்கள் பிரிவார்கள், கடற்கொள்ளையர் வருவார்கள், நாயகி செத்துப்போவாள். எல்லாரும் அழுது முடித்த பிறகு கல்லறைக்குள் கண்விழிப்பாள். அடிமைச் சந்தை, கப்பல் பயணம், வழிப்பறிப் பயம் என்று சாதாரண சனங்கள் பட்ட பாடெல்லாம் அவற்றில் இருக்கிறது. ராஜாக்களின் சரித்திரத்தில் அது கிடைக்காது. அதனாலேயே எனக்கு அந்தப் பைத்தியம். அந்தப் பொய்ச்சாவை மட்டும் பொறுக்க முடியாது. ஒரே கதையில் இரண்டு தடவை சாகடித்தால் யார் நம்புவது? திட்டிக்கொண்டே படிப்பேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காகம் ஒன்று என் தலையில் ஓங்கித் தட்டிவிட்டுப் பறந்தது. நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. காகம் தலையில் தட்டினால் ஆள் இறந்துவிட்டதாக உறவுக்குப் பொய்ச் சேதி சொல்ல வேண்டும், அவர்கள் அழுதால் தோஷம் கழியும், உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் வீட்டு வழக்கம்.

"யாருக்குச் சொல்லப் போற?"

"ஒங்க அண்ணனுக்குத்தான் லா. ரத்த ஒறவு அழணும்."

எனக்கென்று இருப்பது பக்கத்து ஊரான போர்டிக்சனில் இருக்கும் அந்த ஒரே அண்ணன். அவர் பார்த்த பெண்ணை வேண்டாமென்று இவளைக் கட்டிக்கொண்டதால் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. நான் செத்தாலும் அவர் அழமாட்டார் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அந்த நினைப்போடு எப்படி இருப்பது?

அதற்குள் அவள் போனை அடித்துவிட்டாள். "மாமா, ஒங்க தம்பி போயிட்டாரு." அடுத்த வார்த்தை சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தோம். அவர் எடுக்கவில்லை.

"பாத்தியா, வெச்சிட்டாரு" என்றேன்.

அரைமணி நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. வீட்டுக் கைலியோடு, காலில் செருப்பில்லாமல் அண்ணன் இறங்கினார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மனைவி காகத்தைப் பற்றிச் சொன்னாள். என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டார். பிறகு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி அழுதார். நானும்தான்.

நமக்காக யார் அழுவார்கள் என்று பார்க்க ஆசைப்படாத மனிதன் எந்தக் காலத்திலும் இருந்திருக்க மாட்டான். அந்தக் கிரேக்கர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் கையால் அவர் வாங்கிக் குடிப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்ணே."

அவர் தலை நிமிரவில்லை. "ஒன் கல்யாணத்துக்குத்தான் வரல. இதுக்கும் வராம எப்படிடா இருப்பேன்?"