என் தீயலுக்கு மேலே உட்கார்ந்த சொந்தக்காரர்கள்

சித்தப்பா மகள் மேல் எனக்குப் பொறாமை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி பேசக் கூடாது. பூதப்பாண்டியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்ச் சமையலுக்கு முதலில் வலைத்தளம் தொடங்கியவள் நான். திருவட்டாற்றுக்கு வாக்கப்பட்டுப் போன அவளிடம், "ஏட்டி, நீயும் ஒண்ணு தொடங்கு" என்று சொல்லி, படம் ஏற்றுவது வரை கற்றுக்கொடுத்தவளும் நான்தான். புத்தி கெட்டுப்போய்ச் செய்த வேலை.

அப்போதெல்லாம் தேடுபொறியில் 'நாஞ்சில் தீயல்' என்று அடித்தால் முதலில் வருவது என் பக்கம். தேங்காயைக் கறுகவிடாமல் சிவக்க வறுத்து, அரைத்து, சின்ன உள்ளியும் புளியும் சேர்த்து நான் எழுதிய குறிப்பு. மஸ்கட்டில் வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு மெயில் போடுவார்கள். தினமும் காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதினைந்து வருஷமாகியும் எனக்கு எதிலும் முதல் இடம் கிடைத்ததில்லை. அங்கே கிடைத்தது.

பேர் வந்ததும் சொந்தக்காரர்களும் வந்தார்கள். முதலில் நாத்தனாரின் வீட்டுக்காரர், தன் நகைக்கடை விளம்பரத்தோடு. "உச்சியிலயே வரணும், கேட்டியா" என்றார். போட்டேன். அடுத்த வாரம் என் அண்ணனின் மாமனார் ஜவுளிக்கடை விளம்பரத்தைக் கொண்டுவந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான், நகைக்கடைக்குக் கீழே தன் கடை வரக் கூடாது. எங்கள் பக்கம் கல்யாணக் கார்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று தகராறாகி, பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. எதற்கு வம்பு என்று இரண்டையும் அக்கம்பக்கமாக மேலே வைத்தேன். அப்புறம் என் வீட்டுக்காரரின் தாய்மாமா கல்யாண மண்டபத்தோடு வந்தார். தாய்மாமாவைக் கீழே உட்காரவைக்க முடியுமா? அவரையும் உச்சியில் ஏற்றினேன். தீயல் எங்கேயோ அடியில் கிடந்தது.

ஒருநாள் காலையில் அடித்துப் பார்க்கிறேன், முதலில் அவள் நிற்கிறாள். நான் இரண்டாம் பக்கத்தில். வயிறு பற்றி எரிந்தது. என் குறிப்பைத் திருடியிருப்பாள் என்று வரிவரியாக ஒத்துப்பார்த்தேன். மல்லி ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டிருந்தாள், வார்த்தையெல்லாம் அவளுடையது, திருட்டு என்று சொல்ல ஒன்றும் சிக்கவில்லை. திறந்ததும் ஒரு படம், அதன் கீழேயே செய்முறை. விளம்பரம் ஒன்றுகூட இல்லை. "வெறிச்சோடிக் கிடக்கு, இதையா முதல்ல காட்டுவாவ? யாரையோ பிடிச்சுக் காரியம் சாதிச்சிருக்கா" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நேரடியாகவே கேட்டேன். "என்ன வித்தைட்டி பண்ணின?"

அவள் கம்ப்யூட்டரில் என் பக்கத்தைத் திறந்து கீழே உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். "அக்கா, நகை எடுத்தாச்சு, சேலை எடுத்தாச்சு, மண்டபமும் பாத்தாச்சு. இன்னும் கறியக் காணலியே" என்றாள். திறந்த உடனே விளம்பரமாகவே தெரிகிற பக்கங்களைப் பின்னால் தள்ளப்போவதாகத் தேடுபொறிக்காரர்களே அறிவித்திருக்கிறார்களாம். "வந்த ஆளுக்கு மொதல்ல தீயலக் காட்டுக்கா. மத்ததெல்லாம் கீழ கிடக்கட்டும்."

"உனக்கென்ன, உன் மாப்பிள வீட்டுல யாரும் கடை வச்சிருக்கல."

"வச்சிருக்காவளே. விளம்பரம் கேட்டாவ. முடியாதுன்னுட்டேன்."

எவ்வளவு லேசாகச் சொன்னாள். அவள் முதலில் வந்ததைக்கூட ஒருவிதமாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒருநாளும் வாயில் வராத அந்த 'முடியாது' அவளுக்கு வந்துவிட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் போனபிறகு அவள் பக்கத்தைத் திறந்தேன். எப்போதும் செய்முறை முடிகிற இடத்தில் எரிச்சலோடு மூடிவிடுவேன். அன்றைக்கு அவளை மாதிரியே கடைசிவரை உருட்டினேன். அடியில் ஒரு வரி இருந்தது. 'தீயல் வைக்கச் சொல்லித் தந்தது என் அக்கா. அவள் எழுதியதையும் படியுங்கள்.' அதைச் சொடுக்கினால் என் பக்கம் திறந்தது. முதல் நாளிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் போட்டியிலும் ஜெயித்து, நல்லவளாகவும் இருக்கிறாளே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

மூன்று விளம்பரத்தையும் இறக்கி அடியில் வைத்தேன். அண்ணனின் மாமனார் எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்திக்கொண்டார். நாத்தனார் போனில் 'ம்' என்பதோடு சரி. சில மாதம் கழித்து என் தீயல் மேலேறி வந்து இரண்டாவதாக நின்றது. அதற்கு மேலே அவள்.

அவள் எழுதியதைப் போல ஒரு வரி என் பக்கத்திலும் போடலாம். இரண்டு நிமிஷ வேலை. காலையில் காப்பிக்கு முன்னால் பலநாள் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை போடவில்லை.