காஜா பேராங்கில் பாடிய லத்தீன் காதல் பாட்டு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், பள்ளி விடுமுறையில், சிரம்பானிலிருந்து மலாக்காவுக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல, பாட. பழைய புத்தகக் கடையில் பல நூறு வருஷத்துக்கு முந்தைய லத்தீன் காதல் பாட்டுகள் அடங்கிய புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. ஆங்கில விளக்கமும் ராகக் குறிப்பும் இருந்தன. சமையலுக்கு நடுவே அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். மாதா கோயில் பூசையில் கேட்கும் அதே மொழியில் ஒருவன் கதவைத் திறக்கச் சொல்லி ஒரு பெண்ணிடம் கெஞ்சுகிறான்! அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் இருக்கும் தோழி ரோசலின், "எங்க வீட்டுல வந்து பாடு, நாலு பேரக் கூப்பிடறேன்" என்று எழுதினாள்.

காலை 7.10 பஸ். ஐம்பது மைல், கட்டணம் இரண்டு வெள்ளி. ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் பாட்டுத் தாள். இரண்டிலும் மனம் நிற்கவில்லை. 9.40க்கு இறங்கினேன். திரிஷாக்காரர் அறுபது காசு கேட்டார்.

"ஒன்றரை மைல்தானே அண்ணே!"

"ஒக்காந்து வர்ற உங்களுக்கு ஒன்றரை மைலு. மிதிக்கிறது நாந்தாம்மா."

கொடுத்துவிட்டேன்.

கூடத்தில் பதினான்கு பேர். பெரும்பாலும் கடலோர உஜோங் பாசிரின் போர்த்துகீசிய வம்சத்து மீனவப் பெண்கள். கூடவே பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள், தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி வம்சம், தமிழ் தெரியாது, நெற்றியில் விபூதி. ரோசலின் "லத்தீன் பாட்டு" என்று மட்டும் சொல்லி அழைத்திருந்தாள். முதல் அடி காதில் விழுந்ததுமே மீனவப் பெண்கள் துணியைத் தலைக்கு இழுத்து, சிலுவை போட்டு, முழந்தாளிட்டார்கள். செட்டி அம்மாளும் கைகூப்பினார்.

பேசாமல் பாடி முடித்தால் ஆமென் சொல்லிப் போய்விடுவார்கள், எனக்கும் மரியாதை மிஞ்சும். ஆனால் ஒரு காதலனின் புலம்பலுக்கு இவர்களை ஜெபிக்க விடுவதா? உண்மையைச் சொன்னால், வேதத்தின் மொழியைக் கெடுத்தவள் என்று எழுந்து போய்விட்டால்?

நிறுத்தினேன். "இது ஜெபமில்ல. ஒருத்தன் கதவத் திறக்கச் சொல்லி ஒரு பொண்ணுகிட்ட அழறான்" என்று மலாயில் சொன்னேன்.

இறால் விற்கும் பெலிசியா தரையில் கையூன்றி எழுந்தார். "அத முதல்லயே சொல்றதுக்கென்ன? என் முட்டி போச்சு!" என்று மலாயில் சத்தம் போட்டார். நாற்காலியை எனக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "கதவத் திறந்தாளா அவ?"

"இல்ல."

"பாவி! முதல்லேருந்து பாடு."

மூன்று முறை பாடினேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் கடைசி பஸ் 5.30. நான் தவறவிட்டேன், மாற்றுப் புடவை எடுத்துப் போங்கள். லத்தீன் பாடுவதானால் பொருளைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஊர் திரும்பியதும், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னேன். "இனிமே பாட மாட்டீங்களே?" என்றார் சாமியார். அங்கே பொய் சொல்ல முடியாது.

"வர்ற மாசமும் வரச் சொல்லியிருக்காங்க, சுவாமி" என்றேன்.